ஆர்னிகா: ரத்தக்கட்டுக்கும் சுளுக்குக்கும் எப்படிப் போடுவது, எங்கே போடவே கூடாது

போன தைப்பூசத்துக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டு வளவில் அத்தை வழுக்கி விழுந்தார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை காய்ந்திருக்கும்போது பாதத்துக்கு அவ்வளவு சுகம், ஆனால் அதில் ஒரு சொம்புத் தண்ணீர் சிந்தியிருந்தால் தெரியவே தெரியாது. இடுப்பு தப்பியது. தொடைப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய், முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் அத்தை மகன் வந்தபோது கொடுத்துவிட்டுப் போன ஆர்னிகா ஜெல் அலமாரியில் இருந்தது. "அடிபட்டா போடுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தான், அதனால் நானே எடுத்துக் கொடுத்தேன், அத்தையும் கன்றிய இடம், உரிந்த இடம் என்று பார்க்காமல் ரெண்டிலும் தடவிக்கொண்டார். தொடைக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் ராத்திரியே எரிய ஆரம்பித்து, மறுநாள் சுற்றிலும் சிவந்து பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பி, ஆற ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

அந்த ட்யூபில் எழுதியிருந்தது ஜெர்மன் மொழியில். யாரும் படிக்கவில்லை. நம் பக்கம் எத்தனை வீட்டில் சிங்கப்பூரில் இருந்தும் மலேசியாவில் இருந்தும் ஐரோப்பாவில் இருந்தும் வந்த ட்யூப்கள் இப்படி இருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தேன், அதனால்தான் இதை முழுசாக எழுதுகிறேன்.

முதலில், கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

ஆர்னிகா மான்டானா ஐரோப்பிய மலைப்புல்வெளிகளில் வளரும் செடி. ஆல்ப்ஸ் மலை, ருமேனியாவின் மலைப்பகுதி, இப்படிக் குளிரும் அமிலத்தன்மை கொண்ட மண்ணும் உள்ள இடத்தில்தான் வரும். மஞ்சள் நிறத்தில், சூரியகாந்தியைச் சின்னதாக்கி இதழ்களைக் கொஞ்சம் கலைத்துவிட்டது போல ஒரு பூ. அந்தப் பூவில்தான் மருந்து. சிவகங்கைச் சீமையின் செம்மண்ணில் இது முளைக்காது, அதனால் யாராவது நாட்டு ஆர்னிகா நாற்று என்று விற்றால் வாங்காதீர்கள். அதன் சொந்த ஊரிலேயே மேய்ச்சல் நிலத்துக்கு உரம் போட்டுப் போட்டும், அளவில்லாமல் பறித்தும் குறைந்துபோய், பல நாடுகளில் பாதுகாக்கப்பட்ட செடியாக இருக்கிறது.

பூவில் உள்ள ஹெலனாலின் என்ற பொருளும் அதன் உறவுக்காரப் பொருள்களும்தான் வேலை செய்கின்றன. உடம்பில் வீக்கத்தைக் கிளப்பிவிடும் சமிக்ஞை ஒன்றை இவை அடக்குகின்றன என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். தோலைப் புண்ணாக்குவதும், வயிற்றுக்குள் போனால் விஷமாவதும் இதே ஹெலனாலின்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்கிற ஒவ்வொரு விதிக்கும் காரணம் தானாகப் புரியும்.

நம் ஊர்க் கடைகளில் ஆர்னிகா என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று வேறான நாலு பொருள் கிடைக்கின்றன. ஆர்னிகா தலைமுடி எண்ணெய் எல்லோருக்கும் தெரியும், பலருக்கு ஆர்னிகா என்றாலே அதுதான். முடி கொட்டுவது அதனால் நிற்கும் என்பதற்கு நம்பும்படியான சோதனை ஒன்றும் நான் பார்த்ததில்லை. அடிபட்ட இடத்துக்கு அதைத் தடவிப் பிரயோஜனம் இல்லை, அதில் மற்ற மூலிகையும் வாசனையும் கலந்திருக்கும்.

அடுத்து ஹோமியோபதிச் சீனி உருண்டை, 30 சி, 200 சி என்று எழுதியிருக்கும். 30 சி என்றால் ஒரு பங்கு மருந்தை நூறு பங்காக நீர்த்து, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி நூறாக நீர்த்து, இப்படி 30 தடவை செய்தது. 12 தடவையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு அதில் மிஞ்சியிருக்க வாய்ப்பு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. 1998ல் எட்சார்ட் எர்ன்ஸ்ட், பிட்லர் என்ற ஆய்வாளர்கள் ஹோமியோபதி ஆர்னிகா பற்றிய சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது மருந்தில்லாத வெறும் உருண்டையைவிட அது அதிகம் வேலை செய்வதாகத் தெரியவில்லை. எங்கள் தெருவிலேயே இதை நம்பிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் நான் இங்கே பேசுவது அதைப் பற்றி இல்லை.

மூன்றாவது மதர் டிங்சர். லேபிளில் ஆங்கில க்யூ எழுத்து போட்டிருக்கும். இதைக் கவனியுங்கள், ஏனென்றால் உருண்டை விற்கும் அதே கடையில், அதே மாதிரி சின்னப் பாட்டிலில் இருக்கும், ஆனால் இது நீர்க்காத நிஜச் செடிச்சாறு, ஆல்கஹாலில் ஊறியது. மற்ற மதர் டிங்சர்களைத் தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டுக் குடித்துப் பழகியவர்கள் அதே பழக்கத்தில் ஆர்னிகாவையும் குடித்துவிடக்கூடும். குடிக்கவே கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், இதயத்துடிப்பில் கோளாறு வரை போகும்.

நாலாவது ஜெல், க்ரீம், ஆயின்மென்ட். இதுதான் நமக்கு வேண்டியது. லேபிளில் ஆர்னிகா மான்டானா என்ற முழுப்பெயரும், எத்தனை சதவீதம் டிங்சர் அல்லது சாறு என்பதும் இருக்க வேண்டும். சதவீதம் போடாமல் ஆர்னிகா கலந்தது என்று மட்டும் எழுதியிருந்தால் நான் வாங்குவதில்லை.

அடுத்து, பட்ட அடி ஆர்னிகாவுக்கு உரியதா

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நம் ஊரில் யாராவது விழுந்தால் ஐந்து நிமிஷத்துக்குள் ஒருவர் எண்ணெயோடு வந்து நீவிவிட ஆரம்பித்துவிடுவார், அன்பில்தான் செய்கிறார்கள், ஆனால் எலும்பு முறிந்திருந்தால் அந்த நீவல் முறிவை இன்னும் விலக்கிவிடும். முறிவுக்கு ஆர்னிகாவும் உதவாது, வலியைக் கொஞ்சம் மழுப்பி ஒரு நாளைக் கடத்திவிடும், அந்த ஒரு நாள் முக்கியமானது.

கணுக்கால் பிசகியிருந்தால் மருத்துவர்கள் பார்க்கும் ரெண்டு விஷயத்தை நாமும் வீட்டில் பார்க்கலாம். அடிபட்ட உடனேயும் சரி, கொஞ்ச நேரம் கழித்தும் சரி, நொண்டியாவது நாலு அடி வைக்க முடிகிறதா? கணுக்காலின் ரெண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு மேட்டின் பின்விளிம்பிலும் நுனியிலும் விரலால் அழுத்தினால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறதா? நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ, எலும்பின் மேலேயே வலித்தாலோ எக்ஸ்ரே எடுங்கள்.

வயதானவர்கள் விழுந்தால், கால் ஒன்று மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் அது இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம். அவரைத் தூக்கி நடக்கவைத்துப் பார்க்காதீர்கள், படுத்தபடியே விட்டுவிட்டு 108க்கு அழையுங்கள். தலையில் அடிபட்டு வாந்தியோ தூக்கக் கலக்கமோ தலைவலி கூடிக்கொண்டே போவதோ இருந்தாலும் அப்படியே.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தனி. வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின், இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் வீட்டில் இந்தப் பெயர்கள் பழக்கம். இவர்களுக்குச் சின்ன இடிக்கே பெரிய ரத்தக்கட்டு வரும், தலையில் பட்டால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே கசியும். ஜெல் தடவிப் பார்க்கலாம் என்று உட்காராமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அடியே படாமல் உடம்பில் நீலத்திட்டு வந்தால், அதிலும் காய்ச்சலோடு வந்தால், டெங்குவாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும்.

இதெல்லாம் இல்லை, தோல் முழுசாக இருக்கிறது, உள்ளே கன்றியிருக்கிறது அல்லது சுளுக்கியிருக்கிறது என்றால் சரி, இது ஆர்னிகாவுக்கு உரிய அடி.

சாமந்தி ஒத்துக்கொள்ளுமா உங்களுக்கு

ஆர்னிகா சூரியகாந்திக் குடும்பம். சாமந்தியும் துலுக்கச் சாமந்தியும் அதே குடும்பம்தான், கண்மாய்க் கரையிலும் காலி மனைகளிலும் வெள்ளைப் பூவோடு மண்டிக் கிடக்கும் பார்த்தீனியமும் அதே குடும்பம்தான். பார்த்தீனியத்தில் அரிப்பைக் கிளப்பும் பொருளும் ஆர்னிகாவின் ஹெலனாலினும் வேதியியலில் நெருங்கிய சொந்தம். ஆக, பூக்கட்டும்போது சாமந்தி தொட்டால் விரல் வெடித்து அரிக்கிறவர்கள், வயல்வேலையில் பார்த்தீனியம் பட்டுக் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் தடித்துப்போனவர்கள், இவர்கள் ஆர்னிகாவைத் தொடவே வேண்டாம். ஐரோப்பாவில் இருந்து வரும் காகிதத்தில் டெய்சி (இதே குடும்பத்து ஐரோப்பியப் பூ) ஒவ்வாமை என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு நமக்கு இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம், நம் ஊரில் அந்த ஆபத்து பார்த்தீனியத்தின் வழியாக வருகிறது.

மற்றவர்கள் சோதித்துவிட்டுப் போடலாம். முன்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் மெல்லிசாகத் தடவி, அன்று ரெண்டு வேளை, மறுநாள் ரெண்டு வேளை என்று செய்து, மூன்றாம் நாள் வரை பாருங்கள். இந்த வகை ஒவ்வாமை உடனே வராது, ஒன்று முதல் மூன்று நாள் எடுத்துக்கொள்ளும், அதனால் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு கட்ட முடியாது. சோதிக்கும் இடத்தில் மஞ்சள் பூசாதீர்கள், சிவப்பு தெரியாமல் போகும். அடிபட்ட அன்றைக்கு மூன்று நாள் காத்திருக்க முடியாது இல்லையா, அதனால் ட்யூப் வாங்கிய வாரமே சோதித்து வைத்துக்கொள்வது நல்லது.

தடவும் முறை

முதல் நாள் குளிர்ச்சிதான் பெரிய மருந்து. ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி 10 முதல் 15 நிமிஷம், ரெண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. வெறும் ஐஸைத் தோலில் வைக்காதீர்கள். அடிபட்ட காலைத் தலையணை வைத்து உயர்த்துங்கள். முதல் 48 மணி நேரம் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், நீவல் வேண்டாம்; சூடும் அழுத்தமும் உள்ளே கசியும் ரத்தத்தை அதிகமாக்கும்.

ஐஸை எடுத்து, தோல் துடைத்துக் காய்ந்து, பழைய சூட்டுக்குத் திரும்பிய பிறகு ஜெல். பட்டாணி அளவு எடுத்து, கன்றிய இடத்தைத் தாண்டி ஒரு விரல் அகலம் சுற்றிலும் படும்படி மெல்லிசாகப் பரப்பினால் போதும். தேய்க்க வேண்டாம், விரல் வழுக்கிப் போகிற அழுத்தம்தான். ஒரு நாளைக்கு ரெண்டு அல்லது மூன்று வேளை. அதிகம் போட்டால் சீக்கிரம் ஆறும் என்பது இல்லை, தோல்தான் கெடும். மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றுவதோ, இறுக்கமான பேண்டேஜ் கட்டுவதோ கூடாது, நம் வெயிலில் வேர்வையும் சேர்ந்து ஜெல் தோலுக்குள் அளவுக்கு மீறி இறங்கும். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். கண் பக்கம், உதடு, மூக்கு, மார்பகம், அந்தரங்க இடங்கள் வேண்டாம். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தால் ஐஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிங்சர் மட்டும்தான் இருக்கிறது என்றால் அப்படியே ஊற்றாதீர்கள். ஜெர்மனியின் மூலிகை மருந்துக் குழு சொன்ன கணக்கு, ஒரு பங்கு டிங்சருக்கு 3 முதல் 10 பங்கு தண்ணீர். நம் ஊர்த் தோலுக்கும் வெயிலுக்கும் நான் 10 பங்கையே சொல்வேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கலந்து, வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து மேலே போட்டு, காய்வதற்குள் எடுத்துவிடுங்கள்.

எத்தனை நாள்? மூன்று நாலு நாளில் வலியும் வீக்கமும் இறங்கத் தொடங்க வேண்டும். அப்படி இல்லை என்றால் ஆர்னிகாவை நீட்டிக்கொண்டு போகாமல் மருத்துவரைப் பாருங்கள். நிறத்தை வைத்துப் பயப்பட வேண்டாம்: ரத்தக்கட்டு முதலில் சிவந்து, அப்புறம் நீலமும் ஊதாவும் ஆகி, பச்சைக்கும் மஞ்சளுக்கும் மாறி, சுமார் ரெண்டு வாரத்தில் மறையும். உள்ளே சிந்திய ரத்தத்தின் ஹீமோகுளோபினை உடம்பு படிப்படியாக உடைக்கிறது, பச்சையும் மஞ்சளும் அந்த உடைசலின் நிறங்கள். அத்தையின் தொடையில் பச்சை வந்தபோது விஷம் ஏறிவிட்டதோ என்று வீடே கலங்கியது, அது ஆறுவதன் அடையாளம் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம்.

பாதயாத்திரைக்கும் மஞ்சுவிரட்டுக்கும்

தை மாதம் பழநிக்குக் காவடியோடு நடந்து போகிறவர்கள் ஒரு பையில் ஆர்னிகாவையும் எடுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். கணுக்கால் லேசாகப் பிசகினால் தங்கும் இடத்தில் தடவலாம், தவறில்லை. ஆனால் ரெண்டு விஷயம். பாதத்தில் கொப்புளம் உடைந்திருந்தால் அது திறந்த புண், அங்கே ஆர்னிகா கூடவே கூடாது. அப்புறம், அதிகம் நடந்ததால் கெண்டைக்காலில் வரும் வலிக்கு இதை நம்பாதீர்கள். 2010ல் வெளியான ஒரு சோதனையில், கெண்டைக்கால் பயிற்சி செய்தவர்களுக்கு ஆர்னிகா தடவிய காலில் அடுத்த நாள் வலி வெறும் க்ரீம் தடவிய காலைவிட அதிகமாகவே இருந்தது. அந்த வலிக்குத் தண்ணீர், தூக்கம், காலை உயர்த்திப் படுப்பது, மறுநாள் காலையில் மெதுவாக நடையைத் தொடங்குவது, இவை போதும்.

சிறாவயல் மஞ்சுவிரட்டில் மாடு முட்டியவர்களுக்கு வெளியே தெரியும் கன்றல் சின்னதாக இருந்தாலும் வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் அடி இருக்கலாம். மருத்துவமனைதான், வேறு பேச்சில்லை.

நம் வீட்டு மருந்துகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

எங்கள் அப்பத்தா வெட்டுக்காயப்பூண்டை உள்ளங்கையில் கசக்கி வெட்டுக்காயத்தில் பிழிவார், ரத்தம் நிற்கும். அதுவும் ஆர்னிகாவின் குடும்பம், பூவும் கொஞ்சம் சாயல். ஆனால் வேலை நேர் எதிர்: அது தோல் கிழிந்த இடத்துக்கு என்று வழிவழியாக வைத்திருப்பது, ஆர்னிகா தோல் கிழியாத இடத்துக்கு மட்டும். அத்தை சிராய்ப்பில் தடவியதும் அந்தப் பழைய பழக்கத்தில்தான், பச்சிலை என்றால் காயத்தில் போடுவது என்று கை தானாகப் போகிறது.

மூசாம்பரப் பற்று, நொச்சி இலை ஒத்தடம், புளியிலை வேகவைத்துக் கட்டுவது, இவை எல்லாம் நம்மிடம் காலங்காலமாக உண்டு. ஆர்னிகா இவற்றைவிட உயர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன், கிடைக்காதவர்கள் தேடி அலையவும் வேண்டாம். ஒரே இடத்தில் ஒரே நாளில் பற்றும் ஜெல்லும் சேர்த்துப் போடாதீர்கள் என்பதுதான் முக்கியம், அரித்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. சூடான ஒத்தடம் எதுவானாலும் ரெண்டு நாள் கழித்துத்தான்.

மூட்டுவலிக்குப் போடலாமா

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். ஆர்னிகாவுக்கு உள்ளதிலேயே நல்ல ஆதாரம் இங்கேதான் இருக்கிறது. 2007ல் வெளியான ஒரு சோதனையில் கைவிரல் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேருக்கு 21 நாள் ஆர்னிகா ஜெல்லோ இபுப்ரோஃபென் என்ற வலிநிவாரணி ஜெல்லோ கொடுத்துப் பார்த்தார்கள், வலி குறைந்ததிலும் விரல் வேலை செய்ததிலும் ரெண்டும் ஏறக்குறைய சமம். அந்த ஜெல்லில் பாதிக்குப் பாதி டிங்சர் இருந்தது, கடையில் கிடைக்கும் எல்லா ஜெல்லும் அவ்வளவு வீரியம் இல்லை. ரத்தக்கட்டு மறைவதில் ஆதாரம் கலவைதான், சில சோதனையில் உதவியது, சிலதில் வெறும் க்ரீமுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. என் அனுபவத்தில் வலி ஒரு நாள் முன்னால் குறைகிறது, அவ்வளவுதான் எதிர்பார்க்க வேண்டும். மூட்டுக்கு மூன்று வாரம் போடுவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு, வாரம் ஒருமுறை தோலைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு போடுங்கள்.

வீட்டில் எண்ணெய் காய்ச்ச நினைப்பவர்களுக்கு

உலர்ந்த பூ இணையத்தில் கிடைக்கிறது. மெக்சிகோ ஆர்னிகா என்று வேறொரு செடியையும் இதே பெயரில் விற்கிறார்கள், மான்டானா என்று பார்த்து வாங்குங்கள். கணக்கு ஒன்றுக்கு ஐந்து: 20 கிராம் பூவுக்கு 100 கிராம் நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய். கண்ணாடிச் சாடியைக் கொதிநீரில் போட்டெடுத்து வெயிலில் ஒரு நாள் காயவிடுங்கள், உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடிக்கும். சாடியைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து, கை பொறுக்காத ஆனால் கொதிக்காத சூட்டில், 60 டிகிரி அளவில், மூன்று மணி நேரம். நேரடி அடுப்பில் வைத்தால் பூ கருகிவிடும். ஆறியதும் துணியில் வடிகட்டுங்கள்.

இதை அப்படியே தடவாதீர்கள். ஆயின்மென்டில் ஆர்னிகா எண்ணெய் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அதே ஜெர்மன் குழுவின் அளவு. அதாவது 15 கிராம் ஆர்னிகா எண்ணெய், 65 கிராம் சாதாரண எண்ணெய், 20 கிராம் தேன்மெழுகு. மெழுகைச் சாதாரண எண்ணெயில் உருக்கி இறக்கி, சூடு தணியும்போது ஆர்னிகா எண்ணெயைக் கலந்து டப்பாவில் ஊற்றினால் உறைந்துவிடும். காறல் வாசனை வந்தால் தூக்கிப் போடுங்கள்.

சித்திரை வெயிலில் ஓட்டுக்குக் கீழே உள்ள அலமாரிகூடச் சுடும், அதனால் ஜெல்லையும் டப்பாவையும் வீட்டின் குளிர்ச்சியான அறையில், இருட்டில், பிள்ளைகள் கை எட்டாத உயரத்தில் வையுங்கள். சமையல் எண்ணெய் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். எங்கள் ட்யூபின் மேல் இப்போது ஒரு பிளாஸ்திரி ஒட்டி, தமிழில் பெரிய எழுத்தில், தோல் உரிந்த இடத்தில் கூடாது, வாயில் கூடாது, திறந்த தேதி இன்னது என்று எழுதியிருக்கிறது. குழந்தை யாராவது வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயற்சிக்காதீர்கள், வாயைத் துடைத்துக் கொப்பளிக்கவைத்து, பாட்டிலையோ ட்யூபையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு லேபிளைப் பார்த்தால்தான் தெரியும்.